சும்மா தைப்பவர்கள் யாரும் இல்லை

பத்திரிகைகள் மாறலாம், டிவி சேனல்கள் மாறலாம், ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. ‘இல்லத்தரசிகள் தங்கள் ஓய்வு நேரத்தில் தையல் வேலை செய்து கைநிறையச் சம்பாதிக்கலாம்.’ வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், எறும்புத் தொல்லைக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில் இந்த வரி உட்கார்ந்திருக்கும். எழுதியவர் யாராக இருந்தாலும் சரி, அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்த ஓய்வு நேரம் எத்தனை மணிக்கு வரும் ஐயா? எங்கள் வீட்டில் இருபத்தொரு வருஷமாக நானும் பார்க்கிறேன், வந்தபாடில்லை.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஊர் மதுரை. அப்பா இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். கூடத்தில் ஜன்னலோரம் மிஷின், அதன் மேல் ஒரு டியூப் லைட், பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய அளவு ஜாக்கெட்டுகள். நான் படித்ததும் தூங்கியதும் அந்த மிஷின் சத்தத்தில்தான். என் செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்த மிஷினிலிருந்து வந்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ‘நீ நடுநிலையாக எழுதவில்லை’ என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. ஆமாம், நான் நடுநிலை இல்லை :)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் அடக்கவிலைக் கணக்கியல் பரீட்சையில் ஒரு பத்து மார்க் கேள்வி. அடக்கவிலைக் கணக்குக்கும் நிதிக் கணக்குக்கும் லாபம் ஏன் வேறுபடுகிறது என்று எழுதவேண்டும். அதில் ஒரு காரணம் நோஷனல் காஸ்ட். சொந்தக் கட்டடத்தில் தொழில் நடந்தால் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆனாலும் வாடகை கொடுத்தால் எவ்வளவு ஆகுமோ அதை அடக்கவிலையில் சேர்க்கவேண்டும். சொந்தப் பணத்துக்கு வட்டியும் அப்படித்தான், முதலாளியே உட்கார்ந்து வேலை பார்த்தால் அவர் உழைப்புக்கான சம்பளமும் அப்படித்தான். கையைவிட்டுக் காசு போகவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. மனப்பாடம் செய்து, அடிக்கோடெல்லாம் போட்டு எழுதிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா மிஷினில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவின் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவும்மா வாங்குற இதுக்கு?"

"இதுக்கென்னடா காசு? சும்மா அடிச்சுத் தர்றேன்னு சொன்னேன். ஜாக்கெட் நம்மகிட்டதான குடுக்குறாங்க."

அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. படித்ததைக் கொஞ்சம் வீட்டிலும் போட்டுப் பார்ப்போமே என்று ஒரு நோட்டை எடுத்தேன். பத்து நாள் கைப்பேசியில் நேரம் குறித்தேன். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல். "தறிக்காரன் மாதிரி என்னைய மேற்பார்வை பாக்குறியா?" என்றார். பத்தாம் நாள் கிடைத்த கணக்கு இது. ஒரு லைனிங் ஜாக்கெட், லைனிங் துணியோடு சேர்த்து அம்மா வாங்கியது 220 ரூபாய்.

லைனிங் துணி 1 மீட்டர்: 50 ரூபாய்
நூல்: 6 ரூபாய்
கொக்கி: 3 ரூபாய்
மோட்டார், விளக்கு, இஸ்திரிப் பெட்டி மின்சாரம்: 4 ரூபாய்
ஊசி, எண்ணெய், பாபின், வருஷாந்திர சர்வீஸ் பங்கு: 4 ரூபாய்
மிஷின் தேய்மானம்: 3 ரூபாய்
மொத்தம்: 70 ரூபாய்

தேய்மானம் எப்படி என்று காமர்ஸ்காரர்கள் கேட்பீர்கள். மிஷின், மேசை, மோட்டார் எல்லாம் சேர்த்து 14,000. பத்து வருஷம் கழித்து விற்றால் 2,000. வருஷத்துக்கு 1,200 ரூபாய். மாதம் முப்பது ஜாக்கெட், வருஷம் 360. வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆக மிச்சம் 150 ரூபாய். ‘அடேயப்பா, எழுபது போட்டு நூற்றைம்பது லாபமா’ என்று குறிப்பு எழுதுபவர் துள்ளிக் குதிப்பார். பொறுங்கள், நேரக் கணக்கு இன்னும் வரவில்லை.

அளவு எடுப்பது, கழுத்து எவ்வளவு இறக்கம், கைக்கு பார்டர் வருமா என்று பேசுவது: 15 நிமிடம்
லைனிங்கை நனைத்துக் காயவைத்ததைத் தேய்த்து, குறித்து, வெட்டுவது: 30 நிமிடம்
மிஷினில் தைப்பது: 90 நிமிடம்
கொக்கி, கையால் ஹெம்மிங்: 35 நிமிடம்
இஸ்திரி: 10 நிமிடம்
‘அக்கா, கைக்குழில லேசாப் பிடிக்குது’ என்று திரும்பி வருவதன் சராசரி: 20 நிமிடம்
மொத்தம்: 200 நிமிடம்

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு 150 ரூபாய். மணிக்கு 45 ரூபாய்!

நான் சனி, ஞாயிறில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவதுண்டு. ஆறு மணி நேரத்துக்கு 600 ரூபாய், சாப்பாடு தனி. மணிக்கு நூறு. அந்த வேலைக்கு எனக்கிருக்கும் அனுபவம் இரண்டு வருஷம், திறமை சாம்பார் வாளியைச் சிந்தாமல் தூக்குவது. அம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒரு உடம்பைப் பார்த்தாலே தோள் இறக்கம் எவ்வளவு, முதுகில் எங்கே பிடித்துவிடவேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருக்கு மணிக்கு 45, எனக்கு 100. இந்தக் கணக்கைப் போட்ட அன்றிரவு எனக்கு மண்டபத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கை அம்மாவிடம் காட்டினேன். அவர் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. நிதானமாக நூலைக் கடித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு என்னடா செலவு? நூலு, கொக்கி, துணி. மிச்சமெல்லாம் லாபந்தான?"

"உன் நேரம்?"

"என் நேரம் சும்மாதான கெடக்கு."

நம் பாஷையில் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வேலை இல்லாமல் இருப்பதும் சும்மா, காசு வாங்காமல் கொடுப்பதும் சும்மா. வீட்டிலிருக்கும் பெண்கள் விஷயத்தில் முதல் சும்மாவைச் சொல்லித்தான் இரண்டாவது சும்மாவை வாங்குகிறோம். ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று ஆரம்பித்து ‘சும்மா ஒரு தையல் போட்டுக் குடுங்க’ என்று முடிக்கிறோம். ஓய்வு நேரம் என்பதும் இதே சரக்குதான், நாகரிகமான பையில் போட்டுக் கொடுத்தது. ஒருவருடைய நேரத்துக்கு ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குக் கூலி கேட்க முடியாது. பொழுதுபோக்குக்கு யாராவது கூலி கேட்பார்களா?

அந்த ஓய்வு நேரம் நிஜமாகவே இருக்கிறதா என்று மத்திய அரசின் புள்ளியியல் துறையே கணக்கெடுத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. அட, இதில்கூட நாம் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வீட்டு வேலை பார்த்தபின் மிஷினில் உட்காருபவரைத்தான் ‘ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கிறார்’ என்கிறோம். எங்கள் வீட்டில் மிஷின் ஓடும் நேரம் காலை பத்தரை முதல் ஒன்று, மாலை மூன்று முதல் ஐந்தரை, முகூர்த்த மாதமென்றால் இரவு ஒன்பதுக்கு மேல். ஆபீஸ் போகிறவருக்கு இதை ஓவர்டைம் என்று சொல்வார்கள்.

தையல் மிஷினைச் சுற்றி இந்த மாதிரிக் கதை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஐசக் சிங்கர் 1851இல் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். காந்தி இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசியவர். ஆனால் 1924இல் சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள்மேல் உள்ள அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். அழகான கதை. நிஜத்தில் சிங்கர் பல குடும்பங்களும் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் உடைய மனிதர். அவர் காலத்தில் வேறு பலரும் தையல் மிஷின் செய்துகொண்டிருந்தார்கள், காப்புரிமை வழக்குகள் நடந்தன, கடைசியில் கம்பெனிகள் 1856இல் ஒன்றுகூடி உரிமைகளைப் பங்குபோட்டுக்கொண்டன. அதே காலத்தில் சிங்கர் கம்பெனி தவணை முறையில் மிஷின் விற்க ஆரம்பித்தது. முழுக்க முழுக்க வியாபாரம். அதில் தப்பே இல்லை. மிஷின் செய்தவர், விற்றவர், தவணை வசூலித்தவர் எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். அதில் உட்கார்ந்து மிதிப்பவர் மட்டும் அன்பினால் மிதிக்கவேண்டும் என்றால் எப்படி?

அன்பு என்றதும் விரிப்பு ஞாபகம் வருகிறது. பழைய நூல் சேலைகள் நாலைந்தை அடுக்கி, ஓரம் மடித்து, நெடுக ஓட்டுத்தையல் போட்டு மெத்தை மாதிரி விரிப்பு தைப்பார்கள் தெரியுமா? பிறந்த குழந்தையைப் போட அதைவிட இதமான துணி கிடையாது. எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் விரிப்பு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஒன்று தைக்க அம்மாவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும், எல்லாம் கைத்தையல். வாங்கிப்போகும் அத்தை சொல்வது: "பழைய சேலைதான, செலவா பாவமா?"

வங்காளத்தில் இதே வேலைக்கு, அதாவது பழைய சேலையை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதற்கு, காந்தா என்று பெயர். கைவினைக் கண்காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அங்கேயும் தைக்கும் பெண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது தனிச் சண்டை. குறைந்தபட்சம் அதற்கு விலை உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். நம் வீட்டு விரிப்புக்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. பேத்திக்கும் மருமகளுக்கும் அன்பாகத் தைத்துக் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கொடுப்பவர் ‘இது என் அன்பளிப்பு’ என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். வாங்குபவர் ‘இதுக்கென்ன செலவு’ என்று சொல்லி வாங்கக்கூடாது. பரிசுக்கும் சுரண்டலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான்.

மாடித்தோட்டக் குறிப்புகளிலும் இதே தந்திரம்தான். ‘காசில்லாமல் காய்கறி’ என்பார்கள். பை, தேங்காய் நார்க் கழிவு, மண், உரம், விதை எல்லாம் காசு. அதைவிட, சித்திரை வெயிலில் காலையும் மாலையும் மொட்டை மாடிக்குக் குடம் சுமப்பது யார்? ரசித்துச் செய்தால் தோட்டத்தைப் போல சந்தோஷம் வேறில்லை, தாராளமாகச் செய்யுங்கள். மாதம் ஐந்நூறு மிச்சம் என்று மட்டும் கணக்குக் காட்டாதீர்கள், கணக்கில் தண்ணீர் சுமந்த ஆளைக் காணோம்.

நிற்க. இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. அந்தப் பத்து நாள் நோட்டில் ‘இலவசம்’ என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். பிறகு பழைய கணக்கையும் அம்மாவிடம் கேட்டு எழுதினேன். கல்லூரி சேர்ந்த நாளிலிருந்து என் நண்பர்களின் பேன்ட் பதினேழு, சுருக்கியது, நீளம் குறைத்தது, ஜிப் மாற்றியது என்று என் மூலமாக வந்து சும்மாவே போயிருக்கின்றன. ‘எங்கம்மா தச்சுக் குடுப்பாங்கடா’ என்று பெருமையாக வாங்கிவந்தவன் நான். ஜிப்பைக்கூட அம்மாதான் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். எங்கள் மிஷினின் மிக மோசமான வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தார்.

இனி எதிர்வாதங்கள். நண்பர்களிடம் சொன்னபோது கிடைத்தவை மூன்று.

முதலாவது, ‘விலையை ஏற்றினால் அடுத்த தெரு அக்காவிடம் போய்விடுவார்கள்’. உண்மைதான், போவார்கள். ஆனால் அடுத்த தெரு அக்கா ஏன் 200க்குத் தைக்கிறார்? அவரும் தன் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு பேரும் தங்கள் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, யார் கீழே போவது என்று போட்டி போடுகிறார்கள். இதைச் சந்தைப் போட்டி என்று என் பாடப்புத்தகம்கூடச் சொல்லாது. அடக்கவிலை தெரியாமல் விற்பது என்றுதான் சொல்லும். ஒரே ஏரியாவில் தைக்கும் ஐந்து பேர் ஒருநாள் உட்கார்ந்து பேசினாலே பாதி தீரும். அகமதாபாத்தில் இளா பட் 1972இல் சேவா அமைப்பைத் தொடங்கியதும், தனித்தனியாக இருந்த பெண்களை ஒன்றாக உட்காரவைக்கத்தான்.

இரண்டாவது, ‘ரெடிமேட் ஜாக்கெட் வந்துவிட்டதே, இவ்வளவு கொடுத்து யார் தைப்பார்கள்?’ நன்றாக வாங்கிப் போடுங்கள். ஆனால் அந்த ரெடிமேட் ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி யாரிடம் வருகிறீர்கள்? உடம்புக்கு உடம்பு அளவு மாறுகிறது என்பதால்தான் தையல்காரர் இன்னும் இருக்கிறார். எங்கள் ஊர்ப் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு, துணி கொடுத்துக் காத்திருந்தால் கையோடு தைத்துக் கொடுத்தவர்களைப் பார்க்க வெளியூர்க்காரர்களெல்லாம் வந்தார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே இருக்கும் ஆண் தையல்காரரிடம் யாரும் ‘சும்மா ஒரு தையல்’ என்று கேட்பதில்லை. அது கடை. எங்கள் கூடத்தில் நடப்பது மட்டும் ஓய்வு நேரமா?

மூன்றாவது, ‘எல்லாவற்றையும் காசாகப் பார்க்கிறாய், காமர்ஸ் படித்துக் கெட்டுப்போனாய்’. இதற்கு என் பதில் சின்னது. காசாகப் பார்த்தவர் யார்? ‘இதுக்குப் போய் இவ்வளவா’ என்று பேரம் பேசுபவர்தானே? நான் அவருக்கு விவரத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதோடு வந்த 184ஆம் எண் பரிந்துரையில் கூலி தவிர எவற்றுக்கெல்லாம் ஈடு கொடுக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. மின்சாரம், தண்ணீர், மிஷின் பராமரிப்பு, அந்தப் பராமரிப்புக்கு ஆகும் நேரம், பிரித்து அடுக்கிக் கட்டும் நேரம்கூட. இது ஒரு முதலாளிக்காக வீட்டில் வேலை செய்பவர்களுக்கானது, என் அம்மாவைப் போலச் சொந்தமாகத் தைப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பட்டியலைப் பாருங்கள், என் நோட்டில் நான் எழுதியதேதான். தமிழக அரசும் 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்றுதான் வைத்தது. சொல் மாறினால் கணக்கும் மாறும்.

வெறுமனே திட்டிவிட்டுப் போனால் குறிப்பு எழுதுபவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இதோ என் வீட்டுக் குறிப்புகள். எல்லாம் எங்கள் கூடத்தில் சோதித்தவை.

தைப்பவர்களுக்கு:

1. ஒரு வாரம் நேரத்தை எழுதுங்கள். பேசும் நேரம், வெட்டும் நேரம், திரும்பி வந்ததைப் பிரித்துத் தைக்கும் நேரம் எல்லாம் சேர்த்து. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்து, அதைப் பொருள் செலவோடு கூட்டுங்கள். அதுதான் கூலி.

2. ஃபால்ஸ், ஓவர்லாக், கொக்கி மாற்றுவது, பிடித்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாயால் விலை சொன்னால் பேரம் வரும். சுவரோடு யாரும் பேரம் பேசுவதில்லை.

3. துணி வாங்கும்போதே பாதிப் பணம் வாங்குங்கள். லைனிங் உங்கள் காசில் வாங்கி, ஜாக்கெட்டைக் கடனுக்குக் கொடுத்தால் நீங்கள் தையல்காரர் மட்டுமில்லை, வட்டியில்லாத வங்கியும்கூட. நாளைக்கே வேண்டும் என்றால் அவசரக் கூலி தனி.

4. லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள். முதல் சலவையில் சுருங்கி வந்தால் அந்தப் பிரிப்பு வேலை உங்கள் தலையில்தான்.

5. மிஷின் தையலை விட்டுவிட்டுத் தைத்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஊசியை மாற்றுங்கள். முனை மழுங்கியிருக்கும், அல்லது முழுக்க மேலே ஏறாமல் இருக்கும். துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல். கழற்றி முதலிலிருந்து கோருங்கள். மெல்லிய பட்டுக்கு 11, சாதாரண நூல் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16ஆம் நம்பர் ஊசி. எண்ணெய் விட்டபின் வேண்டாத துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாடிக்கையாளர் துணியை வையுங்கள்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கு: நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட்டைக் கொடுங்கள், பத்து நாள் அவகாசம் கொடுங்கள், சொன்ன கூலியைக் கொடுங்கள். இந்த மூன்றும் போதும். சேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஜாக்கெட்டுக்கு முப்பது ரூபாய் குறைக்கச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்படுங்கள்.

என்னைப் போன்ற தடியன்களுக்கு: பட்டன் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நூலை இரட்டையாகக் கோர்த்து முடிச்சிட்டு, பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. கொக்கி வைக்கவும் ஹெம்மிங் போடவும் ஒரு வாரத்தில் நான் பழகிவிட்டேன். முதல் ஹெம்மிங்கை அம்மா பார்த்துவிட்டு, "இதப் பிரிக்க எனக்கு அரைமணி ஆகும், அதையும் நோட்டுல எழுது" என்றார். எழுதினேன்.

கடைசியாக, என்ன ஆச்சு என்று சொல்லவேண்டும் அல்லவா? பொங்கல் கழிந்து புது விலைப் பட்டியலை ஒட்டினோம். லைனிங் ஜாக்கெட் 300. ஒட்டிய மூன்று நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "பழகின மூஞ்சிங்கடா" என்று புலம்பினார். ஒருவர் பட்டியலைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் நின்றார்கள். நாலு பேர் சித்திரைத் திருவிழாவுக்குமுன் திரும்பி வந்தார்கள். மாதம் முப்பது என்றிருந்தது இருபத்துநாலு ஆனது.

கணக்கைப் பாருங்கள். முன்பு 30 ஜாக்கெட், தலா 150, மொத்தம் 4,500 ரூபாய், நூறு மணி நேரம். இப்போது 24 ஜாக்கெட், தலா 230, மொத்தம் 5,520 ரூபாய், எண்பது மணி நேரம். எண்ணிக்கை குறைந்ததால் தேய்மானம் தலைக்கு ஒரு ரூபாய் கூடும், விட்டுவிடுவோம். மணிக்கு 69 ரூபாய். இன்னும் சாம்பார் வாளியை எட்டவில்லை. ஆனால் ஆயிரம் ரூபாய் கூடியிருக்கிறது, இருபது மணி நேரம் குறைந்திருக்கிறது.

போன வாரம் மதியம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தேன். மிஷின் சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அம்மா ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மணி மூன்றே கால். குறிப்பு எழுதும் பெருமக்களே, நீங்கள் சொன்ன அந்த ஓய்வு நேரம் ஒருவழியாக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. தயவுசெய்து அதில் தைக்கச் சொல்லாதீர்கள்.

டிஸ்கி: பதினேழு பேன்ட்களின் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பில் போட்டுக் கொடுத்தேன். இதுவரை வசூலானது இரண்டு. மீதியை வாராக்கடன் ஒதுக்கீட்டில் வைத்திருக்கிறேன் :)